100 மீட்டரில் முந்துவது யார்?

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். விசில் ஊதுகிறது. 13, 14 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. முதலில் வந்தவனுக்குக் கோப்பை. இரண்டாவது வந்தவனுக்குச் சான்றிதழ். ஐந்தாவதாக வந்தவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுகிறான். அடுத்த ஆண்டு அவன் அந்தக் கோட்டுப் பக்கமே வருவதில்லை.

"நமக்கு ஓட்டம் வராது" என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். வாத்தியாரும் அப்படியே முடிவு கட்டிவிடுகிறார். வீட்டிலும், "அதுதான் வரவில்லையே, ஏன் வெயிலில் நிற்கிறாய்?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

இந்த முடிவு சரியானதுதானா? இல்லை என்பதே என் அபிப்பிராயம். 13 வயதில் நடக்கும் 100 மீட்டர் பந்தயம் யாருக்கு ஓட்டத் திறமை அதிகம் என்பதை மட்டும் காட்டுவதில்லை. யார் முதலில் வளர்ந்துவிட்டார் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், நாம் நல்ல ஓட்டக்காரர்களை ஆண்டுதோறும் வகுப்புக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

செம்மண் பூமி

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்குப் போகும் சாலையில் இருக்கிறது வல்லத்திராக்கோட்டை. சுற்றிலும் செம்மண் பூமி. மழையை நம்பிய கண்மாய்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் புதிதல்ல. தை பிறந்தால் வாடிவாசல் திறக்கும் மாவட்டம் இது. காளைக்குப் பின்னால் ஓடுகிறவர்களும் உண்டு. காளைக்கு முன்னால் ஓடுகிறவர்களும் உண்டு! கபடி ஆடாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இந்த மாவட்டம் ஓட்டத்திலும் பெயர் வாங்கியிருக்கிறது. கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006-ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். லோகநாதன் சூர்யா 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் இந்தியாவின் முன்னணி வீராங்கனையாக விளங்கினார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இவை தூரத்து ஓட்டங்கள். 100 மீட்டர், 200 மீட்டர் என்றால் அப்படி ஒரு பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

இதற்குக் காரணம் நம் பிள்ளைகளிடம் வேகம் இல்லாததா? இல்லை. தூர ஓட்டத்துக்குச் சாலை போதும், மனஉறுதி போதும் என்று ஓரளவுக்குச் சொல்லலாம். குறுந்தூர ஓட்டம் அப்படியல்ல. அதற்கு உரிய பிள்ளையை அடையாளம் காணவேண்டும். காலம் பார்த்து வளர்க்கவேண்டும். இரண்டிலும் நாம் அவசரப்படுகிறோம்.

இரண்டு பையன்கள்

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 13 வயது. ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது. குரல் உடைந்துவிட்டது. தோள் அகன்றுவிட்டது. மற்றவன் இன்னும் சின்னப் பையனைப்போலவே இருக்கிறான். பிறந்த தேதிப்படி இருவரும் ஒரே வயது. உடம்பின் கணக்குப்படி பார்த்தால் இருவருக்கும் இடையில் மூன்று நான்கு ஆண்டு வித்தியாசம்கூட இருக்கலாம்.

பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதையொட்டி மிக வேகமாக உயரம் பெறுகிறார்கள். பையன்களுக்கு அது சராசரியாக 14 வயதையொட்டி வருகிறது. அந்த ஓர் ஆண்டில் ஒரு பையன் 9 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர்கூட வளர்ந்துவிடுவான். இது சராசரிக் கணக்கு. ஒருவனுக்கு 12-இலேயே வரும். இன்னொருவனுக்கு 16 வரை காத்திருக்கவேண்டும். சரியான சாப்பாடு இல்லாத பிள்ளைக்கு இன்னும் தள்ளிப் போகும்.

வளர்ச்சி வந்த பையனுக்குத் தசை ஏறுகிறது. கால் நீளுகிறது. எட்டு பெரிதாகிறது. அவன் ஓடினால் மற்றவன் எப்படி எட்டிப் பிடிப்பான்? இந்தப் பந்தயம் இரண்டு ஓட்டக்காரர்களுக்கு இடையே நடக்கவில்லை. ஒரு வாலிபனுக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே நடக்கிறது.

குறுவட்டப் போட்டியில் முந்தியவர்களே மாவட்டப் போட்டிக்குப் போகிறார்கள். மாவட்டத்தில் முந்தியவர்களே மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள். ஆகவே முதல் சல்லடையிலேயே சின்னப் பையன் கீழே விழுந்துவிடுகிறான். 16 வயதில் அவனுக்கும் தோள் அகலும், கால் நீளும். ஆனால் அப்போது அவன் ஓட்டத்தை விட்டு மூன்று ஆண்டு ஆகியிருக்கும்!

முந்தியவனுக்கும் இதனால் கெடுதல் உண்டு. 13 வயதில் பயிற்சி இல்லாமலே ஜெயித்தவன், 'நமக்குப் பயிற்சி தேவையில்லை' என்று நினைக்கிறான். மற்றவர்கள் வளர்ந்து எட்டிப் பிடித்தவுடன் அவன் மனம் உடைகிறான். சிறுவர் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்களில் மிகப் பலர், பெரியவர்கள் போட்டியில் தென்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகம் எங்கே இருக்கிறது?

வேகமாக ஓடுகிறவன் காலை வேகமாகச் சுழற்றுகிறான் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். இதை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். பீட்டர் வேயண்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் முடிவு வியப்பாக இருந்தது.

வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும், தங்கள் உச்ச வேகத்தில், காலைக் காற்றில் முன்னே கொண்டுவர எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், தரையை உதைப்பதில் இருக்கிறது. வேகமானவர் தரையைப் பலமாக உதைக்கிறார். அந்த உதையே அவரைத் தூக்கி முன்னே எறிகிறது.

உலகத் தரமான ஓட்டக்காரரின் பாதம் உச்ச வேகத்தில் தரையில் இருப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. அந்தக் கண் இமைக்கும் நேரத்துக்குள், தம் உடல் எடையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட விசையைத் தரையில் செலுத்திவிடவேண்டும். பலம் மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பலம் சட்டென்று வெளிவரவேண்டும். நூறு கிலோ மூட்டையை மெதுவாகத் தூக்குகிறவனிடம் பலம் இருக்கிறது. ஆனால் அவன் ஓடினால் முந்துவான் என்று சொல்ல முடியாது. வெடி வெடிப்பதுபோல் வெளிப்படும் பலம் வேறு.

2009-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அதற்கு அவர் வைத்த எட்டுகள் ஏறக்குறைய 41. ஓர் எட்டுக்குச் சராசரி இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு! அவர் 195 சென்டிமீட்டர் உயரம். ஆனால் உயரம் மட்டும் அந்த எட்டைக் கொடுத்துவிடவில்லை. உயரமானவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்த உயரத்தைத் தூக்கி எறியும் உதையும் அவரிடம் இருந்தது.

தாவிப் பார்த்தால் தெரியும்

இந்த உதைக்கும் பலத்தை அளப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டுமா? வேண்டாம். ஓர் அளவு நாடாவும் ஒரு சுண்ணாம்புக் கோடும் போதும்.

பிள்ளையைக் கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். ஓடி வரக்கூடாது. நின்ற இடத்திலிருந்து இரண்டு காலையும் சேர்த்து முன்னே தாவச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். இன்னொன்று, சுவர் ஓரமாக நின்று மேலே எம்பித் தொடச் சொல்லுங்கள். நின்று தொட்ட உயரத்துக்கும் எம்பித் தொட்ட உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள்.

பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நன்றாகத் தாவுகிற பிள்ளை பொதுவாக நன்றாக ஓடுகிறது. உடம்பின் மற்றத் திறமைகளோடு ஒப்பிட்டால், தாவலுக்கும் குறுந்தூர ஓட்டத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. குனிந்து கால்விரலைத் தொடும் வளைவுத் திறமைக்கும் ஓட்ட வேகத்துக்கும் உள்ள உறவு மிகச் சாமானியம். வளைவது வேறு, விரைவது வேறு. உடம்பு வளையவேண்டியதுதான். ஆனால் வளைகிறவன் எல்லாம் ஓடிவிடமாட்டான்.

மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில், 9 முதல் 18 வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் உடல்தகுதிச் சோதனை வகுத்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து குனிந்து எட்டுதல், படுத்தபடி பாதி எழுதல், தரையில் கை ஊன்றித் தண்டால் ஆகியவை அதில் உண்டு. பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க இது நல்ல சோதனைதான். ஆனால் தாவல் அதில் இல்லை. ஓட்டக்காரனைத் தேடுகிற வாத்தியார் தாமாகவே தாவலையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். செலவு ஒன்றும் இல்லை.

தாவலிலும் வளர்ந்த பையன்தானே முந்துவான் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. முந்துவான்தான். ஆகவே ஒரு நாள் அளந்துவிட்டு ஜோசியம் சொல்லக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தையும் தாவலையும் 30 மீட்டர் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கவேண்டும். உயரம் எந்த மாதங்களில் மளமளவென்று ஏறுகிறது என்பது நோட்டில் தெரிந்துவிடும். சின்ன உடம்பை வைத்துக்கொண்டே உயரத்துக்கு மேல் நன்றாகத் தாவுகிற பையன் யார் என்பதும் தெரிந்துவிடும். கவனிக்கவேண்டியது அந்தப் பையனைத்தான்!

வளரும் மாதங்களில் சில பிள்ளைகளுக்கு ஓட்டம் தடுமாறும். கையும் காலும் திடீரென்று நீண்டுவிட்டதால் உடம்பு கட்டுக்குள் வராது. முழங்காலுக்குக் கீழே, குதிகாலில், வலி வரும். "போன வருஷம் நன்றாக ஓடினாயே, இப்போது சோம்பேறி ஆகிவிட்டாய்" என்று திட்டுவார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. வளர்ச்சி. நோட்டில் உயரக் கணக்கு இருந்தால் வாத்தியாருக்கு இது விளங்கும். பயிற்சியைக் குறைத்துக் காத்திருப்பார்.

பத்துச் சுற்று எதற்கு?

பயிற்சி என்றவுடன், "மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடு" என்று சொல்வது நம் வழக்கம். குறுந்தூர ஓட்டக்காரனுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது.

நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. ஒன்று, மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாங்கும் இழை. மற்றொன்று, சட்டென்று சுருங்கிச் சீக்கிரம் களைத்துப்போகும் இழை. 100 மீட்டருக்கு வேண்டியது இரண்டாவது இழை. அது எந்த அளவுக்கு அமைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் பிறவியில் வருவது. மெதுவாகப் பத்துச் சுற்று ஓடினால் முதல் வகை இழைக்குத்தான் வேலை கிடைக்கும்.

வேகமாக ஓடக் கற்றுக்கொள்ளவேண்டுமானால் வேகமாகத்தான் ஓடவேண்டும். 20 மீட்டர், 30 மீட்டர். முழு வேகம். பிறகு முழு ஓய்வு. 10 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு. 30 மீட்டர் ஓடினால் 3 நிமிஷம் சும்மா இருக்கவேண்டும். பார்ப்பவர்களுக்குப் பிள்ளைகள் வேலை செய்யாமல் நிற்பதுபோல் தோன்றும். தோன்றட்டும். அந்த ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதி.

நம் ஊர் விளையாட்டுகளே நல்ல பயிற்சிகள். நொண்டி என்ன? ஒரு காலால் தரையை உதைத்து உதைத்துப் போவது. பச்சைக்குதிரை என்ன? இரண்டு காலால் எம்பித் தாண்டுவது. கிளித்தட்டில் சட்டென்று நிற்பதும் சட்டென்று பாய்வதும் இருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் பெரிய பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் தாவல் பயிற்சிகளுக்கும் இவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கண்மாய்க் கரையின் சரிவில் பத்துப் பதினைந்து எட்டு மேலே ஓடி ஏறினால், தரையை எப்படி உதைக்கவேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே கால் கற்றுக்கொள்ளும். இந்த வசதி வல்லத்திராக்கோட்டையில் உண்டு. பட்டணத்துச் சிமெண்டு முற்றத்தில் கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம். கடிகாரத்தைக் கையால் அமுக்கிக் கணக்கிட்டால் நேரம் குறைவாகவே காட்டும். 100 மீட்டரில் இந்த வித்தியாசத்துக்கு 0.24 விநாடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிக் கடிகாரத்தில் 11.8 விநாடி ஓடியவன் மின்சாரக் கடிகாரம் வைத்த மைதானத்துக்குப் போனால் 12.04 என்று வரும். பையன் அழுவான். "வேகம் குறையவில்லையடா, கடிகாரம் மாறியிருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது வாத்தியாரின் கடமை.

பெண் பிள்ளைகளின் கதை

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் பெரிய அநியாயம். பையனைத் தோற்றால்தான் நிறுத்துகிறோம். பெண்ணை ஜெயித்தாலும் நிறுத்திவிடுகிறோம்!

வயதுக்கு வரும் முன்பு, ஓட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. பிறகு இயற்கை இருவர் உடம்பையும் வேறு வேறு வழியில் கொண்டுபோகிறது. அந்தச் சமயத்தில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, பெண் பிள்ளையின் ஓட்டம் முன்னேறாமல் நிற்பதுபோல் தெரியும். அது நிரந்தரம் அல்ல. தசைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியும் பொறுமையும் இருந்தால் மீண்டும் ஏறும். ஆனால் நம் வீடுகளில் அந்த வயதில்தான், "அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடியது போதும்" என்கிறார்கள்.

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதையைக் கேளுங்கள். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். பள்ளியில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அவருடைய ஓட்டத்தைப் பார்த்துப் பயிற்சிக்கு அழைத்தபோது பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பயிற்சியாளர் விடவில்லை, பாட்டியின் மனத்தை மாற்றினார். 100 மீட்டர், 200 மீட்டர் என்று ஓடிய அந்தப் பெண் பிறகு 400 மீட்டருக்கு மாறி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடரோட்டக் குழுவில் ஓடினார்.

பாட்டி ஒரு வார்த்தை 'கூடாது' என்று உறுதியாகச் சொல்லியிருந்தால்? பயிற்சியாளர், 'நமக்கென்ன' என்று போயிருந்தால்? ஒலிம்பிக் மைதானத்தில் அந்த இடம் வேறு யாருக்கோ போயிருக்கும். நம் ஊர்களில் எத்தனை ரேவதிகள் 'கூடாது' என்ற ஒரு சொல்லோடு நின்றுபோனார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

முதலில் வயிறு

உதை பலமாக இருக்கவேண்டும் என்று சொன்னேன். உதைக்கும் தசை எதிலிருந்து வரும்? சாப்பாட்டிலிருந்துதான் வரும்.

சாந்தி சௌந்தரராஜனின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். தாத்தா அவருக்கு ஊருக்கு வெளியே மண் வெளியில் ஓடக் கற்றுக்கொடுத்தார். 13 வயதில் ஒரு ஜோடி காலணி வாங்கிக் கொடுத்தார். அவர் ஓட்டத்தைக் கவனித்த ஒரு பள்ளியின் பயிற்சியாளர் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். படிப்புச் செலவும் சீருடையும் சாப்பாடும் கிடைத்தன. மூன்று வேளையும் சாப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை என்பது அவர் வாழ்க்கைக் குறிப்பு. தோஹாவில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தைப் பிறகு பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறித்துவிட்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பின்னும் அவர் ஓட்டத்தை வெறுக்கவில்லை. பயிற்சியாளராகிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கதையில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்: ஒரு ஜோடி காலணியும் மூன்று வேளைச் சாப்பாடும் ஒரு பிள்ளையை ஆசிய மைதானம்வரை கொண்டுபோகும்.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தச் சோகை. அதே வயதுப் பையன்களில் 100-க்கு 31 பேருக்கு. ரத்தத்தில் இரும்புச் சத்து இல்லாத பிள்ளை, ஒரு தடவை வேண்டுமானால் வேகமாக ஓடிவிடும். தினம் தினம் பயிற்சி செய்து தேறி வர அதன் உடம்பு இடம் கொடுக்காது. "இந்தப் பெண்ணுக்கு ஊக்கம் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டாமா?

பள்ளியில் சோறு போடுவதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. காமராஜர் காலத்தில், 1956-இல், மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1 முதல் 5-ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்காக வந்த திட்டம் அது. நல்ல திட்டம். ஆனால் ஓட்டப் பயிற்சிக்கு வரும் வயது 5-ஆம் வகுப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெயிலுக்கு முன்பு பயிற்சி முடியவேண்டுமானால் பிள்ளை காலை 6 மணிக்கே மைதானத்தில் நிற்கவேண்டும். வெறும் வயிற்றோடு தாவி, வெறும் வயிற்றோடு ஓடி, வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்தால் தசை எப்படி வளரும்? பாடம்தான் எப்படி ஏறும்?

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கு இருபது பேர் இருப்பார்களா? அந்த இருபது பேருக்குக் காலையில் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். ஊர்ப் பெரியவர்களும் பழைய மாணவர்களும் நினைத்தால் இது பெரிய காரியமா? கோயில் திருவிழாவுக்கு வெடி வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்!

பிறகு வந்தவர்கள்

தாமதமாக வந்தவன் ஜெயிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு உலகத்தில் உதாரணங்கள் இருக்கின்றன.

கனடா நாட்டு ஆந்திரே டி கிராஸ் 17 வயதில், கூடைப்பந்துக் கால்சட்டையோடும் இரவல் வாங்கிய காலணியோடும் ஒரு பள்ளிப் போட்டிக்குப் போனார். குனிந்து புறப்படக்கூட அவருக்குத் தெரியாது. நின்றபடியே புறப்பட்டு 10.91 விநாடியில் ஓடினார். ஒரு பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டார். அந்த இளைஞர் 2021-இல் டோக்கியோவில் 200 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நம் நாட்டிலேயே, சத்தீஸ்கர் மாநிலத்து அனிமேஷ் குஜூர் பள்ளி நாளில் கால்பந்து ஆடியவர். 2025 ஜூலையில் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். இலங்கையின் கிராமத்துப் பெண் சுசந்திகா ஜெயசிங்க 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வாங்கிய வெண்கலம் பிறகு வெள்ளியாக உயர்ந்தது.

சிறு வயதிலேயே மின்னுகிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கௌட் கௌட் 2024 டிசம்பரில், 17 வயது நிறையும் முன்பே, 200 மீட்டரை 20.04 விநாடியில் ஓடினார். அந்த நாட்டில் 1968 முதல் நிலைத்திருந்த சாதனை அன்று போயிற்று. அப்படிப்பட்ட பிள்ளை வந்தால் கொண்டாடுவோம். ஆனால் அந்த ஒருவனைத் தேடுவதற்காக மற்ற எல்லோரையும் விரட்டவேண்டிய அவசியம் என்ன?

"ரத்தத்தைச் சோதித்து மரபணுவைப் பார்த்தால் யார் ஓடுவான் என்று சொல்லிவிடலாமே" என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். வேகத் தசையோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பது உண்மைதான். ஆனால் அதன் நல்ல வகை உலகத்தில் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் போல்ட் ஆகிவிட்டார்களா? அந்தச் சோதனைக்குக் கொடுக்கும் பணத்துக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள். பிரயோஜனம் உண்டு.

என்ன செய்யலாம்?

வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் பெரிய விளையாட்டு அரங்கம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை. இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று: 6-ஆம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டு வையுங்கள். உயரம், எடை, நின்று தாவிய தூரம், 30 மீட்டர் நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். வாத்தியார் மாறிப் போனாலும் நோட்டு பள்ளியிலேயே இருக்கட்டும்.

இரண்டு: 15 வயதுவரை யாரையும் கழிக்காதீர்கள். போட்டிக்கு இரண்டு பேர்தான் போக முடியும். பயிற்சிக்கு இருபது பேர் வரலாம் அல்லவா?

மூன்று: ஜெயித்தவனுக்குக் கோப்பை கொடுங்கள். போன ஆண்டைவிட அதிகமாக முன்னேறியவனுக்கும் ஒரு கோப்பை கொடுங்கள். அந்த இரண்டாவது கோப்பைதான் சின்னப் பையனை மைதானத்தில் நிறுத்திவைக்கும்.

நான்கு: பெண் பிள்ளையின் வீட்டுக்குத் தலைமை ஆசிரியரே நேரில் போய்ப் பேசவேண்டும். ஓர் ஆசிரியை துணைக்கு மைதானத்தில் இருக்கவேண்டும்.

ஐந்து: பயிற்சிக்கு வரும் பிள்ளை பசியோடு வகுப்புக்குப் போகக்கூடாது.

இவை எல்லாம் டிரில் மாஸ்டர் ஒருவரே செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். பல பள்ளிகளில் ஒரே ஒருவர்தான் எல்லா வகுப்புக்கும் இருக்கிறார். அவருடைய விளையாட்டுப் பீரியடையும் பரீட்சை நெருங்கினால் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பீரியடைப் பிடுங்காமல் இருப்பதே முதல் உதவி. அளந்து எழுதும் வேலையை 11-ஆம் வகுப்பு மாணவர்கள் செய்யலாம். நாடா பிடிக்கத் தெரியாத பிள்ளை உண்டா?

"ஓடினால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் ஒலிம்பிக்குக்குப் போய்விட மாட்டார்கள். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கிறது. ராணுவத்திலும் ரயில்வேயிலும் காவல்துறையிலும் வேலை கிடைக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒரு காணி நிலம் மாதிரி. 13 வயதில் ஒரு விசில் சத்தத்தை வைத்து அந்த நிலத்தைப் பிடுங்கிவிட நமக்கு என்ன உரிமை?

விதை முளைத்த நாளிலேயே எந்த மரம் அதிகம் காய்க்கும் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். முதலில் உயர்ந்த கன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கி எறியவும் மாட்டார். தண்ணீர் ஊற்றுவார். வேலி கட்டுவார். காத்திருப்பார்.

புஞ்சைக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும். 100 மீட்டரில் யார் முந்துவார் என்று 18 வயதில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை எல்லோரும் ஓடட்டும்!